ஈரத்தை எடுப்பது

கழுவி முடித்த காரின் மேல் நிற்கும் தண்ணீரைத் துடைத்து எடுக்கலாம், அல்லது தானாகக் காயட்டும் என்று விட்டுவிடலாம். துடைத்தால் கோடு விழும். விட்டால் கறை படியும். திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணியில் இந்த இரண்டு தொல்லையும் சற்றுக் கூடுதல். அங்கே காற்றில் வரும் தூசியும் கடினம், போர்வெல்லிலிருந்து வரும் தண்ணீரும் கடினம்.

இன்றைய காரின் பெயிண்ட் பொதுவாக நாலு அடுக்கு. தகட்டை ஒட்டி இருப்பது துருவைத் தடுக்கும் பூச்சு. வண்டிக் கூட்டை அப்படியே தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சிப் படிய வைப்பது. அதன் மேல் பிரைமர், பிறகு நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். நாலும் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரான் வரை வரும். கிளியர் கோட் மட்டும் 35 முதல் 50 மைக்ரான். தலைமயிர் ஒன்றின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான். பார்ப்பவரைத் திரும்பிப் பார்க்க வைக்கும் அந்தப் பளபளப்பு மயிரிழையில் பாதி கனமுள்ள ஒரு பிசின் படலத்தை நம்பி நிற்கிறது. அம்பாசிடர் காலத்துப் பெயிண்டில் கிளியர் கோட் கிடையாது. அழுத்தித் தேய்த்தால் நிறமே துணியில் ஒட்டிக்கொண்டு வரும். டிரைவர் கையை நிறுத்திக்கொள்வார். இப்போது துணியில் ஒன்றும் தெரிவதில்லை. தேய்வது நிறமில்லாத அடுக்கு என்பதால், எதுவும் தேயவில்லை என்று நினைத்துக்கொள்வது எளிது.

விழும் கோடுகள் ஆழமானவை அல்ல. பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரான். நகத்தால் தடவினால் பிடிபடாது. நிழலில் நிற்கும் காரில் அவை கண்ணுக்கே தெரியாமல் போகும். வெயிலில் நிறுத்திப் பார்த்தால்தான் சூரியனின் பிம்பத்தைச் சுற்றி வட்டவட்டமாக சிலந்தி வலை விரிந்தது போலத் தெரியும். வட்டமாகத் துடைத்ததால் வட்டமாக விழுந்தது என்று பலரும் சொல்வது தவறு. கோடுகள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகத்தான் கிடக்கின்றன. விளக்கின் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும் கோணத்தில் அமைந்தவை மட்டும் மின்னுகின்றன. அப்படி மின்னுபவை சேர்ந்து ஒளியைச் சுற்றி வளையமாகத் தோன்றுகின்றன. பல வருடம் நார் போட்டுத் தேய்த்த எவர்சில்வர் தட்டை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து அசைத்தால் வளையமும் கூடவே நகரும். ஆகவே கையை நேர்க்கோட்டில் ஓட்டுவதால் மட்டும் கோடு விழாமல் இருக்காது. வளையம் குறைவாகத் தெரியும், அவ்வளவுதான்.

பருத்திக்கோ பாலியஸ்டருக்கோ கிளியர் கோட்டில் அப்படிப் பள்ளம் தோண்டும் வலு பெரிதாகக் கிடையாது. தோண்டுவது துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவே சிக்கிய துகள். 1812இல் ஃபிரெடெரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7இல் நிற்கிறது. சாதாரணக் கத்தியின் இரும்பே அதற்குக் கீழேதான். கிளியர் கோட்டின் கடினத்தை ஆய்வகத்தில் பென்சில் முனையால் கீறிச் சோதிக்கும் வழக்கம் உண்டு. பென்சிலுக்கு அஞ்ச வேண்டிய ஒரு பரப்பின் மேல் குவார்ட்ஸ் துகளை வைத்துத் துணியால் இழுத்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆரணியைச் சுற்றியுள்ள நிலம் பாறை நிலம். நைஸ், சார்னோகைட் வகைப் பாறைகள் நொறுங்கி உண்டான மண்ணில் குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் நிறைய. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஆரணி பட்டுக்குப் பேர் போனதைப் போலவே அரிசிக்கும் பேர் போன ஊர். அரிசி ஆலைகளில் நெல் அவிக்கும் கொதிகலனுக்கு உமிதான் எரிபொருள். உமியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சாம்பல் மிஞ்சும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. உமிக்கரியால் பல் தேய்த்த தலைமுறைக்கு அதன் அரிக்கும் குணத்தைப் பல்லின் எனாமலே சொல்லியிருக்கும். காலையில் பானெட்டின் மேல் சாம்பல் நிறத்தில் மாவு போலப் படிந்திருப்பதை ‘லேசான தூசிதானே’ என்று கையில் கிடைத்த துணியால் ஒரு வீச்சில் தட்டிவிடுகிறார்கள். அது மாவு அல்ல, மிக நைசான உப்புத்தாள். மார்கழியில் இன்னும் மோசம். பனி பெய்து தூசி ஈரமாகியிருக்கும். ஈரம் இருப்பதால் துடைக்கலாம் என்று தோன்றும். அடித்துக்கொண்டு போகிற அளவு தண்ணீர் அதில் இல்லை, ஒட்டவைக்கும் அளவு மட்டும் இருக்கிறது.

அப்படியானால் தொடவே வேண்டாம், காயட்டும் என்று விடலாமே என்றால், தண்ணீர் குறுக்கே நிற்கிறது. கமண்டல நாகநதி ஆண்டில் பல மாதம் மணலாகக் கிடக்கும் ஊரில் கார் கழுவக் கிடைப்பது போர்த் தண்ணீர். பாறை இடுக்கில் தங்கி வரும் அந்த நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்திருக்கும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐஎஸ் 10500, 2012) கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவு என்கிறது. வேறு நீர் இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். கரைந்த உப்புகள் மொத்தத்துக்கு இந்த எல்லைகள் 500, 2000. லிட்டருக்கு 1000 மில்லிகிராம் உப்புள்ள தண்ணீர் ஒரு லிட்டர் அளவுக்குக் காரில் ஒட்டியிருந்து காய்ந்தால், ஒரு கிராம் உப்பு அந்தப் பரப்பிலேயே தங்கிவிடும். சீராகப் பரவித் தங்கினால் பெரிதாகத் தெரியாது. ஆனால் துளியின் ஓரத்தில் நீர் வேகமாக ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலுள்ள நீர் ஓரத்தை நோக்கி ஓடுகிறது, கரைசலில் இருப்பதையும் அள்ளிக்கொண்டு போகிறது. சிந்திய காபி காய்ந்தால் விளிம்பு மட்டும் கருப்பாக நிற்பதற்கு இதுவே காரணம் என்று 1997இல் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளக்கினார்கள். காரின் மேல் காணும் வெள்ளை வளையங்களும் அந்த வகையே.

கோடை வெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் பானெட் 60 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் துளி நொடியில் வற்றி, உப்பு பெயிண்டோடு பிடித்துக்கொள்ளும். புதிதாகப் படிந்த சுண்ணாம்புக் கறை நீர்த்த வினிகரில் கரைந்துவிடும். பித்தளைக் குடத்துக்கு ஆகிற புளியைக் கொண்டுபோய்க் காரில் தேய்ப்பவர்களும் இருக்கிறார்கள். புளிப்பு வேலை செய்யும், நாரும் மண்ணும் அதைவிட அதிகமாக வேலை செய்யும். சிலிக்கா படிந்த பழைய கறைக்கு வினிகரும் பலிக்காது. அதற்கு பாலிஷ்தான் வழி. பாலிஷ் என்பது கிளியர் கோட்டில் ஓரிரு மைக்ரானைச் சீவி எடுப்பது. மயிரிழையில் பாதி கனத்துக்கு அந்தச் சிகிச்சையை எத்தனை முறை கொடுக்க முடியும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

தண்ணீர் விஷயத்தில் ஆரணியின் சாயப்பட்டறைக்காரர்கள் பட்டறிந்தவர்கள். பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் முன் அதன் மேலுள்ள செரிசின் என்ற பசையைச் சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் போக்கியாக வேண்டும். நூலின் எடையில் ஏறக்குறைய கால்பங்கு இதிலேயே போய்விடும். நீர் கடினமாக இருந்தால் சோப்பு நுரைக்காமல், கரையாத பிசுக்காகத் திரிந்து நூலில் படியும். அதன் மேல் சாயம் திட்டுத்திட்டாகத்தான் ஏறும். துணி சோப்பையோ சலவைச் சோப்புக் கட்டியையோ கரைத்துக் கார் கழுவினால் நடப்பதும் அதுவே: பிசுக்குப் படலம் ஒன்று பெயிண்டில் ஒட்டி, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கார் ஷாம்புவில் உள்ள செயற்கை நுரைப்பான்கள் கடின நீரில் அப்படித் திரிவதில்லை. ஈரம் எடுக்கும் வேலையின் வெற்றி தோல்வியில் பாதி இங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. சரியாகக் கழுவாத காரைக் கோடு விழாமல் துடைத்து எடுக்கும் துணி எந்தக் கடையிலும் கிடைக்காது.

துணிகளுக்கு வருவோம். ஆட்டோமொபைல் கடை வாசலில் தொங்கும் மஞ்சள் துணி பல தலைமுறை டிரைவர்களின் தோளில் கிடந்தது. பருத்திதான், மென்மைதான். ஆனால் தட்டையான நெசவு. மாட்டிய துகள் உள்ளே போக இடமில்லாமல் மேற்பரப்பிலேயே நின்று பெயிண்டை உழும். வாட்டர் வாஷ் கடைகளில் வாங்கி வைத்திருக்கும் பனியன் வேஸ்ட்டில் கூடுதல் ஆபத்து, அதன் தையல் மடிப்பும் லேபிளும். ஷாமாய் தோல் ஒரு காலத்தில் மலையாட்டு வகை விலங்கின் தோல்; இப்போது பெரும்பாலும் செம்மறித் தோலின் உட்பகுதியை மீன் எண்ணெயில் பதனிட்டது. தண்ணீரை அபாரமாக உறிஞ்சும், கண்ணாடிக்கு அதை மிஞ்சியது இல்லை. ஈரமான ஷாமாய் பெயிண்டோடு பசை போல ஒட்டிக்கொண்டு நகர்வதைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. அதற்கும் துகள் உள்ளே போக இடம் கிடையாது; நடுவில் ஒரு மணல் சிக்கினால் இழுக்கும் தூரம் முழுக்க ஒரே கோடு. ரப்பர் வைப்பரும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. டீக்கடை மேசைக்கு அது சரி.

பட்டு ஊரில் இயல்பாக எழும் கேள்வி ஒன்று உண்டு: பட்டைவிட மென்மையான துணி ஏது, பழைய பட்டுப் புடவையால் துடைத்தால் என்ன? பழைய பட்டுப் புடவை காருக்கு மிஞ்சுவது அபூர்வம். சரிகையின் வெள்ளிக்காக அதைத் தெருவில் வந்து வாங்கிக்கொண்டு போக ஆள் இருக்கிறது. மிஞ்சினாலும் கரையிலும் முந்தியிலும் உள்ள சரிகை உலோக இழை. பெயிண்டின் பக்கமே வரக் கூடாது. சரிகை இல்லாத உடல் பகுதியும் உதவாது. பட்டு நழுவும், நெருக்கமாக நெய்யப்பட்டிருக்கும். நழுவுகிற துணி துகளையும் நழுவ விடும், பெயிண்டின் மேல். கைக்கு மென்மையாக இருப்பது இந்த வேலைக்கு அளவுகோல் ஆகாது. மணல் ஒளிந்துகொள்ள துணிக்குள் ஆழம் இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

மைக்ரோஃபைபரின் சிறப்பு அந்த ஆழத்தில் இருக்கிறது. இழையின் மென்மையைப் பட்டு நூலின் கணக்கிலேயே சொல்லலாம். 9000 மீட்டர் இழையின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். ஆரணியில் பாவுக்கும் ஊடைக்கும் முறுக்கப்படும் பட்டு நூல் கச்சா நிலையில் பெரும்பாலும் 20/22 டெனியர். ஏழெட்டு அல்லது பத்துக் கூடுகளின் இழைகளைச் சேர்த்து இழுத்தது. ஒரு கூட்டின் இழை இரண்டு மூன்று டெனியர் வரும். அதுவும் இரட்டை இழை; பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு டெனியருக்குச் சற்று மேலே. மைக்ரோஃபைபர் என்று பேர் பெற வேண்டுமானால் இழை ஒரு டெனியருக்குக் கீழே இருக்க வேண்டும். புழு நூற்பதைவிட மெல்லியதாக நூற்கும் இந்த வித்தையைப் பெரிய அளவில் சாதித்தது ஜப்பானின் டோரே நிறுவனம். அங்கே மியோஷி ஒகாமோட்டோ 1970இல் உருவாக்கிய அல்ட்ராஸ்வேட் என்ற செயற்கை மெதுதோலே தொடக்க வெற்றி. கார் துணியில் பாலியஸ்டரும் நைலானும் பெரும்பாலும் எண்பதுக்கு இருபது, எழுபதுக்கு முப்பது என்ற விகிதத்தில் சேர்கின்றன. சேர்த்து இழுத்த இழையைப் பிறகு ஆரஞ்சுச் சுளை போலப் பிளக்கிறார்கள். பிளந்த இழைகளுக்கு நடுவிலுள்ள சந்துகள் நீரை உறிஞ்சி மேலே இழுக்கும்; துணியின் கண்ணிகள் தரையிலிருந்து சில மில்லிமீட்டர் உயர்ந்து நிற்பதால் துகள் அடியில் போய் அடங்கும்.

பிளக்கப்படாத இழையில் செய்த மலிவுத் துணியும் அதே பெயரில் விற்கிறது. தொட்டுப் பார்த்து அதைக் கண்டுபிடிக்கலாம்: பிளந்த இழை கையின் காய்ப்புகளில் பிடித்து இழுக்கும், பிளக்காதது வழுக்கும். மேசையில் சிந்திய தண்ணீரின் மேல் வைத்தால் நல்லது குடிக்கும், மற்றது தள்ளிக்கொண்டு போகும். கோடு போடுமா என்று பார்க்கப் பழைய சிடியின் மின்னும் பக்கத்தில் அழுத்தித் தேய்த்து விளக்கில் காட்டினால் தெரிந்துவிடும். ஈரம் எடுக்க வாங்கும் துணி சதுர மீட்டருக்கு 600 கிராமுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. ஓரத்தில் முரட்டு நூலால் மடித்துத் தைத்ததும் லேபிள் வைத்ததும் வேண்டாம். லேபிளைப் பிடுங்கினால் மிஞ்சும் அடிநூலும் கீறும்.

இனி வேலை. நிழல் வேண்டும், தகடு ஆறியிருக்க வேண்டும். பானெட்டில் உள்ளங்கையை வைத்தால் சூடு தெரியக் கூடாது. ஆரணியில் இதற்கு ஏற்ற நேரம் மாலை. காலையில் என்றால் வெயில் ஏறுவதற்குள் முடிய வேண்டும். கடைசி அலசலில் ஹோஸின் முனையில் உள்ள கன்னைக் கழற்றிவிட்டு, அழுத்தமில்லாத நீரைக் கூரையிலிருந்து மெல்ல வழிய விட வேண்டும். பீய்ச்சும் நீர் துளித்துளியாகத் தெறித்து நிற்கும். வழியும் நீர் தகடாகப் பரவி, தான் இறங்கும்போது மேலே நிற்கும் துளிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். மெழுகு பூசிய காரில் பாதிக்கு மேல் ஈரம் இந்த ஒரு செயலில் இறங்கிவிடும். முடிந்தால் இந்த அலசலுக்கு மட்டும் ஒரு குடம் மழைநீரோ ஆர்ஓ தண்ணீரோ ஒதுக்குவது நல்லது. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். மொட்டைமாடியிலிருந்து நேரே குழிக்குப் போகும் நீரில் கொஞ்சத்தை ஒரு டிரம்மில் பிடித்து வடிகட்டி வைத்தால் போதும். ஆர்ஓ மெஷினிலிருந்து கழிவாக வெளியேறும் நீரை வீணாக்க மனம் வராமல் காருக்கு ஊற்றுகிறவர்கள் கவனிக்க: உப்பு முழுவதும் செறிந்து வருவது அந்தக் குழாயில்தான்.

மிச்சமிருக்கும் ஈரத்தில் காற்றால் எடுக்கக் கூடியதைத் துணியால் எடுக்கக் கூடாது. சிறிய மின்சார புளோயர் ஒன்று பக்கக் கண்ணாடியின் மடிப்பு, கைப்பிடி, நம்பர் பிளேட், கிரில், டிக்கியின் எழுத்துகள், பெட்ரோல் மூடி ஆகிய எல்லாவற்றிலிருந்தும் தண்ணீரை விரட்டிவிடும். இந்த இடங்களை விட்டுவிட்டால், துடைத்து முடித்து ஐந்து நிமிடம் கழித்துக் கண்ணாடியின் அடியிலிருந்து கதவில் ஒரு நீர்க்கோடு இறங்கும். வாட்டர் வாஷ் கடையின் கம்ப்ரசர் காற்றுக்கு வேகம் அதிகம். ஆனால் டேங்கின் அடியில் சேரும் எண்ணெய் கலந்த நீரை அன்றாடம் திறந்து விடாவிட்டால் ஏர் கன் அதையே பெயிண்டில் தெளிக்கும்.

துணி வைக்க வேண்டிய இடங்கள் இதற்குப் பிறகு குறைவே. பெரிய துணியை இரண்டு மூலையில் பிடித்துக் கூரையின் மேல் விரித்துப் போட்டு, அழுத்தாமல், அதன் சொந்தக் கனத்திலேயே தன்னை நோக்கி மெல்ல இழுத்தால் தண்ணீர் துணியில் ஏறிவிடும். கதவு போன்ற செங்குத்துப் பரப்பில் விரித்த துணியை உள்ளங்கையால் ஒற்றி எடுக்கலாம். பட்டுச் சேலையை நனைத்தவர்கள் பிழியாமல், முறுக்காமல், வெள்ளைத் துண்டில் வைத்து ஒற்றி நிழலில் விரிப்பார்கள். ஈரப் பட்டைத் தேய்த்தால் இழை மேலெழும்பி வெளுத்துத் தெரியும் என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அந்தக் கை காருக்கும் வந்தால் போதும். முற்றிலும் காய்ந்த பெயிண்டில் துணி உரசும். அதனால் ஈரம் இருக்கும்போதே மெழுகு கலந்த ஸ்பிரேயை லேசாகத் தெளித்துக்கொண்டால் துணிக்கும் பரப்புக்கும் நடுவே ஒரு வழவழப்பு நிற்கும். நீர் ஏறி, துணி துடைப்பதை விட்டுப் பூசத் தொடங்கினால் மாற்றிவிட வேண்டும்.

வரிசை மேலிருந்து கீழே: கூரை, கண்ணாடிகள், பானெட், டிக்கி, கதவின் மேல்பாதி. பம்பரின் அடியும் சக்கர வளைவும் கடைசி, அவற்றுக்கு வேறு துணி. வீலில் படிந்திருப்பது பிரேக்கிலிருந்து உதிர்ந்த இரும்புத் தூள். தரையில் விழுந்த துணியை உதறிவிட்டுத் திரும்ப எடுக்கும் பழக்கம்தான் வாட்டர் வாஷ் கடைகளில் கோடு விழுவதற்கு முதல் காரணம் என்று சொல்லலாம். காலையிலிருந்து பத்து வண்டியைத் துடைத்து ஒரே பக்கெட்டில் முக்கிய துணி அடுத்தது. கடையில் விடுகிறவர்கள் சொந்தத் துணியைக் கொடுப்பது, அல்லது ‘துடைக்க வேண்டாம், காற்று மட்டும் அடிங்க’ என்று சொல்லிவிடுவது சிறிது சங்கடமானாலும் பயனுள்ளது. கதவுகளையும் டிக்கியையும் ஒரு முறை திறந்து உள்விளிம்பை ஒற்ற வேண்டும். பிரேக் டிஸ்க் ஈரமாக இருக்கும்போதே காரை நிறுத்தி வைத்தால் மறுநாள் காலையில் செம்மண் நிறத்தில் துரு தெரியும். தெருமுனை வரை ஓட்டி இரண்டு முறை மெல்ல பிரேக் பிடித்தால் காய்ந்துவிடும்.

ஆயுத பூஜைக்கும், ஆடி வெள்ளியில் படவேடு ரேணுகாம்பாளைப் பார்த்து வந்த பிறகும் காரின் நெற்றியில் விபூதியும் சந்தனமும் குங்குமமும் இருக்கும். விபூதி சாணச் சாம்பல். அதிலும் சிலிக்கா உண்டு. காய்ந்ததைச் சுரண்டாமல், ஈரத்துணியை அதன் மேல் சிறிது நேரம் போட்டு ஊறவிட்டு நீரால் கழுவி இறக்க வேண்டும். பறவை எச்சத்துக்கும் இதே முறை.

துணியின் ஆயுள் துவைப்பதில் இருக்கிறது. பருத்தித் துணிகளோடு சேர்த்துப் போட்டால் பஞ்சு கண்ணிகளில் அடைத்துக்கொள்ளும். வாசனைக்கும் மென்மைக்கும் ஊற்றும் கண்டிஷனர் இழைச் சந்துகளை மூடி உறிஞ்சும் திறனைக் கெடுக்கும். திரவ சோப்பு, வெந்நீர் வேண்டுமானால் வெதுவெதுப்பாக, இஸ்திரி கூடவே கூடாது. காயப் போடுவது வீட்டுக்குள். மடித்து வைப்பது மூடியுள்ள டப்பாவில் அல்லது பையில். கண்ணிகள் விறைத்துப் போன துணியைப் பெயிண்டிலிருந்து வீலுக்கும், வீலிலிருந்து இன்ஜினுக்கும் இறக்கலாம். இறக்கியது மறுபடி மேலே ஏறக் கூடாது. பெயிண்டுக்கு ஒரு நிறம், கண்ணாடிக்கு ஒரு நிறம், வீலுக்கு ஒரு நிறம் என்று வாங்கும்போதே பிரித்து வாங்கிவிட்டால், அவசரத்தில் யார் எடுத்தாலும் மாறாது.